உறைந்த உறையும் பதினான்கு பந்துகளும்: என்பிஏ குலுக்கல் மீதான நாற்பதாண்டுச் சந்தேகம்

2025 மே 12 அன்று இரவு சிகாகோவில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வீரர் தேர்வுக் குலுக்கலில், நூற்றுக்கு 1.8 வாய்ப்பு மட்டுமே இருந்த டாலஸ் மாவெரிக்ஸ் அணிக்கு முதல் தேர்வு உரிமை விழுந்தது. அந்த ஆண்டு அந்த உரிமைக்கு ஒரே ஒரு பெயர்தான் பொருள்: டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக். மூன்று மாதங்களுக்கு முன்புதான் டாலஸ் தன் ஆட்டத்துக்கே உயிராக இருந்த லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து, சொந்த ரசிகர்களின் தீராத கோபத்தைச் சம்பாதித்திருந்தது. ஆகவே கணக்கு நேராக இருப்பதாகப் பலருக்குத் தோன்றியது. பெரிய நகரத்துக்கு ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தார்கள், அதற்குக் கூலியாக இன்னொரு நட்சத்திரம் வந்து சேர்ந்தது, குலுக்கல் வெறும் நாடகம்.

தேதியும் சந்தேகத்துக்கு ஒத்துழைத்தது. என்பிஏ வரலாற்றின் முதல் குலுக்கல் நடந்தது 1985 மே 12 அன்று. சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு முன். அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் எடுக்கப்பட்ட ஓர் உறையைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. இந்த ஆய்வு அந்த முதல் குலுக்கலில் தொடங்கி, சந்தேகத்துக்கு உள்ளான பிற ஆண்டுகளைத் தொட்டு, 2025 வரை வருகிறது. குலுக்கலில் மோசடி நடந்ததாக நான் கருதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ரசிகர்களை வெறும் புலம்பல்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. அவர்களுடைய சந்தேகம் இத்தனை காலம் நீடித்ததற்கு லீக்கின் பங்கும் கணிசமானது.

குலுக்கல் எதற்காக வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை உண்டு. 1966 முதல் 1984 வரை, இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த இரண்டு அணிகளுக்கிடையே நாணயத்தைச் சுண்டிப் போட்டு முதலிடம் யாருக்கு என்று முடிவு செய்தார்கள். பூவா தலையா என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் எழவில்லை. சிக்கல் நாணயத்துக்கு முன்னால் இருந்தது. கடைசி இடத்தைப் பிடித்தால் பாதி வாய்ப்பு நிச்சயம் என்றால், கடைசி இடத்தைப் பிடிப்பதற்காகவே தோற்கலாம் அல்லவா? ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 1983-இல் நாணயத்தில் வென்று ரால்ஃப் சாம்ப்சனை எடுத்தது. அடுத்த சீசனின் கடைசிப் பகுதியில் அந்த அணி தோற்றுக்கொண்டே போனது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த 38 வயது எல்வின் ஹேஸை, கூடுதல் நேரத்துக்குப் போன ஓர் ஆட்டத்தில் 53 நிமிடமும் இறக்காமல் ஆடவிட்டது. 1984-இலும் நாணயம் ஹூஸ்டன் பக்கமே விழுந்தது. ஹக்கீம் ஒலாஜுவான் கிடைத்தார். மற்ற உரிமையாளர்களுக்குப் பொறுமை போயிற்று. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கும் சமவாய்ப்பு அளிக்கும் குலுக்கல், அடுத்த ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒரு ஏமாற்றுச் சந்தேகத்தைத் தீர்க்கக் கொண்டுவந்த ஏற்பாடே அடுத்த சந்தேகத்துக்கு விதை போட்டது.

1985: கோளத்துக்குள் ஏழு உறைகள்

அந்த ஆண்டின் பரிசு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஏழடி உயர சென்டர் (கூடைக்கு அருகே ஆடுபவர்) பேட்ரிக் யூயிங். குலுக்கலில் இருந்த அணிகள் நியூயார்க் நிக்ஸ், இண்டியானா பேசர்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ், சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ், அட்லாண்டா ஹாக்ஸ், சாக்ரமெண்டோ கிங்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஆகியவை. அணிச் சின்னத்தைத் தாங்கிய அட்டைகள் ஏழு உறைகளில் இடப்பட்டிருந்தன. எர்ன்ஸ்ட் அண்ட் வின்னி என்ற தணிக்கை நிறுவனத்தின் ஜாக் வாக்னர் அவற்றை ஒவ்வொன்றாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கோளத்துக்குள் போட்டார். சிபிஎஸ் தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டியது. கோளத்தைச் சில முறை சுற்றிய பிறகு, லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையர் பதவிக்கு வந்து பதினைந்தே மாதங்கள் ஆகியிருந்த டேவிட் ஸ்டெர்ன் உறைகளை எடுத்தார்.

அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு இரண்டு கணங்கள் மறக்காது. வாக்னர் முதல் மூன்று உறைகளை மெதுவாக உள்ளே நழுவவிடுகிறார். நான்காவது உறை மட்டும் சற்று வேகமாகப் போய்க் கோளத்தின் பக்கத்தில் மோதுகிறது. பிறகு ஸ்டெர்ன். மூடியைத் திறக்கும் முன் அவர் ஆழமாக மூச்சை இழுத்து விடுகிறார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விடுகிறார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சில உறைகளைப் பற்றிப் புரட்டி, அடியில் இருந்ததை வெளியே எடுக்கிறார். அந்த உறை அப்போதே திறக்கப்படவில்லை. ஏழு உறைகளையும் எடுத்து வரிசையாக வைத்த பின், ஏழாம் இடத்திலிருந்து மேல்நோக்கித் திறந்து வந்தார்கள். கடைசியில் இண்டியானாவும் நியூயார்க்கும் மட்டுமே மீந்தன. இரண்டாவது உறையில் இண்டியானா வந்ததும், நிக்ஸின் நிர்வாகியும் முன்னாள் வீரருமான டேவ் டிபுஷர் பூரித்துப் போனது அந்தப் பதிவில் அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து கிளம்பிய கதைகள் இரண்டு. முதலாவது உறைந்த உறை: நிக்ஸின் உறையைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, தொட்டவுடன் ஸ்டெர்னுக்குத் தெரியும்படி செய்தார்கள் என்பது. இரண்டாவது மடிந்த மூலை: நான்காவது உறையை வேண்டுமென்றே மோதவிட்டு அதன் மூலையை மடக்கினார்கள், ஸ்டெர்ன் அந்த மூலையைத் தடவிக் கண்டுபிடித்தார் என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இவை ஒன்றுக்கொன்று வலு சேர்ப்பவை அல்ல. குளிர்ச்சியே அடையாளம் என்றால் மூலையை மடக்க வேண்டியதில்லை. மூலையே அடையாளம் என்றால், அதைத் தொலைக்காட்சிக் கேமரா முன்னால், கோடிக்கணக்கானவர்கள் பார்க்க, கடைசி நிமிடத்தில் உண்டாக்குவானேன்? உட்கார்ந்து நிதானமாக மடித்துக் கொண்டுவர முந்தைய நாள் முழுவதும் இருந்தது.

குளிர்ச்சிக் கதைக்குப் பொருளியல்பே எதிரி. காகித உறையும் அதற்குள் ஓர் அட்டையும் வெப்பத்தை அதிகம் தாங்கி வைப்பவை அல்ல. மே மாதத்து நியூயார்க்கில், தொலைக்காட்சி விளக்குகள் எரியும் கூடத்தில், அவை சில நிமிடங்களிலேயே அறையின் சூட்டுக்கு வந்துவிடும். அதற்குள் அவற்றின்மேல் ஈரம் பூத்திருக்கும். அந்த உறை முதலில் வாக்னரின் கையிலிருந்த கட்டிலும் பிறகு கோளத்துக்குள்ளும் மற்ற ஆறு உறைகளோடு உரசிக் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய மோசடியைத் திட்டமிடும் ஒருவர் இத்தனை நம்பகமில்லாத வழியைத் தேர்ந்தெடுப்பார் என்பது நம்பக் கடினம்.

நோக்கம் பற்றிய வாதம் இவற்றைவிட வலுவானது. நியூயார்க் நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சிச் சந்தை. நிக்ஸ் 24 வெற்றி, 58 தோல்வி என்று தரைமட்டத்தில் கிடந்தது. 1980 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைக்கூட நாட்டின் பல பகுதிகளில் இரவு நேரம் கழித்துப் பதிவாகவே ஒளிபரப்பிய நிலையிலிருந்து லீக் அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தது. தணிக்கை நிறுவனமே நிக்ஸின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கும் வேலை செய்தது என்பதையும் சந்தேகிப்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். லீக்குக்கு யூயிங் நியூயார்க்கில் இருப்பது நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால் நோக்கம் என்பதை மற்ற ஆறு உறைகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். அட்லாண்டாவின் பெயர் வந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? அந்த அணி டெட் டர்னருடையது. அவருடைய டிபிஎஸ் அலைவரிசைதான் 1984-85 சீசனிலிருந்து லீக்கின் கேபிள் ஒளிபரப்பை நடத்தியது. ஒளிபரப்பாளருக்கே நட்சத்திரம் என்று கொதித்திருப்பார்கள். கிளிப்பர்ஸ் வந்திருந்தால், முந்தைய ஆண்டுதான் சான் டியாகோவிலிருந்து இரண்டாவது பெரிய சந்தைக்குக் குடிபெயர்ந்த அணிக்குச் சீர்வரிசை என்றிருப்பார்கள். கிங்ஸ் அணி கன்சாஸ் சிட்டியை விட்டுச் சாக்ரமெண்டோவுக்குப் போகும் வழியில் இருந்தது; புது ஊருக்கு வரவேற்புப் பரிசு. பேசர்ஸை சைமன் சகோதரர்கள் வாங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. புது முதலாளிக்கு ஊக்கத்தொகை. ஏழில் ஐந்து முடிவுகளுக்குக் கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. அம்பு விழுந்த இடத்தில் வட்டம் போட்டுவிட்டு, குறி தப்பவில்லை என்று வியப்பது இதுதான்.

முடிவு அப்படியொன்றும் பொன் விளைவிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூயிங் முதல் சீசனில் காயத்தால் 50 ஆட்டங்களே ஆடினார். நிக்ஸ் 23 வெற்றியோடு முன்னைவிட ஒரு படி கீழே போனது. யூயிங் காலத்து நிக்ஸ் 1994 இறுதித் தொடரில் ஏழு ஆட்டங்கள் போராடித் தோற்றது, நாணயம் சுண்டிக் கிடைத்த ஒலாஜுவானிடம். மோசடிக் கதைகளுக்கு இப்படிப்பட்ட பின்னுரைகள் பிடிப்பதில்லை. 1985-க்குப் பிறகு 2025 வரை ஒரு முறைகூட நிக்ஸுக்குக் குலுக்கலில் முதலிடம் கிடைக்கவில்லை. லேக்கர்ஸுக்கு எப்போதுமே கிடைத்ததில்லை.

என்றாலும் 1985-ஐ முழுமையாக விடுவித்துவிட என்னால் முடியவில்லை. அந்த ஏற்பாட்டில் சோதித்துப் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கையால் உறையை எடுப்பது என்பது எடுப்பவரின் நேர்மையைத் தவிர வேறு காப்பு இல்லாத முறை. லீக்கின் நன்மையைக் காப்பதே வேலையாக உள்ளவரை எடுக்கச் சொன்னது இன்னும் மோசம். எல்லாம் கண்ணெதிரே நடந்தது, ஆனால் எதையும் சரிபார்க்க முடியாது.

பந்துகள் வந்த பிறகு

முதல் குலுக்கலில் 22 வெற்றியோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட வாரியர்ஸ் ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது பலருக்கு உறுத்தியது. (அந்த ஏழாம் இடத்தில் அவர்களுக்குக் கிறிஸ் மலின் கிடைத்தார் என்பது வேறு கதை.) 1987 முதல் குலுக்கல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் என்று ஆனது. 1990-இல் சமவாய்ப்பு கைவிடப்பட்டது. பதினொரு அணிகளுக்கு 66 வாய்ப்புகள், கடைசி அணிக்குப் பதினொன்று, பட்டியலின் தலையில் இருக்கும் அணிக்கு ஒன்று. 1992-இல் ஷகீல் ஓ'நீலைப் பெற்ற ஆர்லாண்டோ மேஜிக், அடுத்த ஆண்டு 41 வெற்றி, 41 தோல்வி எடுத்து, சமநிலை முறிப்பு விதியால் மட்டுமே பிளே-ஆஃபைத் தவறவிட்டது. 66-இல் ஒன்று மட்டுமே இருந்த அந்த அணிக்கே 1993-இலும் முதலிடம் விழுந்தது. லீக் அதிர்ந்துபோய் அடுத்த ஆண்டே முறையை மாற்றியது. மோசடி செய்பவர்கள் தங்கள் மோசடியின் விளைவைப் பார்த்து இப்படி அலறி விதியைத் திருத்துவார்களா என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி.

1994 முதல் இருக்கும் முறை இது. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் காற்றால் சுழலும் இயந்திரத்தில் இடப்படுகின்றன. அவற்றில் நான்கை எடுத்தால் வரிசை பாராமல் 1,001 சேர்க்கைகள் வரும். அவற்றில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தையும் அணிகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். முதல் பந்துக்கு முன் இருபது விநாடி சுழல வேண்டும். அடுத்த ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகு காட்டி நிற்கிறார். நேரம் முடிந்ததும் கையை உயர்த்துகிறார். பந்து எந்நிலையில் சுழல்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தணிக்கை நிறுவனத்தின் பிரதிநிதி, ஒவ்வோர் அணியின் பிரதிநிதி, சில செய்தியாளர்கள் எல்லாரும் அறையில் இருக்கிறார்கள்; கைப்பேசிகள் வாசலிலேயே வாங்கி வைக்கப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டில் குறை காண்பது கடினம். ஆனால் இதெல்லாம் ஒளிபரப்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, மூடிய அறையில் நடக்கிறது. ரசிகர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது முடிவை உள்ளே வைத்து ஒட்டிய உறைகளை லீக்கின் துணை ஆணையர் ஒவ்வொன்றாகத் திறக்கும் காட்சியை மட்டும்தான். பந்து உருண்ட அறையில் இருந்தவர்கள் நிகழ்ச்சி முடியும்வரை வெளியே வர முடியாது. பந்து எடுக்கும் பதிவு பிறகுதான் வெளியிடப்படுகிறது. நேரலையின் பரபரப்புக்காகச் செய்த ஏற்பாடு இது என்று எல்லாருக்கும் தெரியும். 1985-இல் எல்லாரும் பார்த்தார்கள், சரிபார்க்க வழியில்லை; 1994-க்குப் பிறகு சரிபார்க்க வழி வந்தது, பார்ப்பதற்கு ஆளில்லை. நம்பகத்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளையும் லீக் ஒரே மேசையில் வைத்ததே இல்லை.

2012, பிறகு கிளீவ்லண்ட்

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். 2012-இல் லீக் உட்கார்ந்திருந்தது பனைமரத்தடியில்தான். நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியை 2010 டிசம்பரில் லீக்கே விலைக்கு வாங்கி நடத்திக்கொண்டிருந்தது. 2011 டிசம்பரில் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தை, அணியின் உரிமையாளர் என்ற தகுதியில் ஸ்டெர்ன் தடுத்தார். 2012 ஏப்ரலில் டாம் பென்சன் 338 மில்லியன் டாலருக்கு அணியை வாங்க ஒப்புக்கொண்டார். மே 30-இல் நடந்த குலுக்கலில் அந்த அணிக்கு, 13.7 சதவீத வாய்ப்பில், ஆந்தனி டேவிஸை எடுக்கும் உரிமை விழுந்தது. 66 ஆட்டங்களில் ஏழில் மட்டும் வென்று வரலாற்றிலேயே மோசமான வெற்றி விகிதத்தை எட்டிய ஷார்லட் பாப்கேட்ஸ் இரண்டாமிடத்தோடு திரும்பியது.

விற்பவரே குலுக்கலையும் நடத்தினால் சந்தேகிக்காமல் இருப்பவர்தான் வியப்புக்குரியவர். எனினும் காலவரிசையைப் பார்க்க வேண்டும். விலை ஏப்ரலில் பேசி முடிந்துவிட்டது. டேவிஸால் கூடிய மதிப்பு முழுவதும் பென்சனுக்குப் போனதே தவிர, விற்ற லீக்குக்கு ஒரு டாலர்கூடக் கூடவில்லை. ஏழு பேரில் ஒருவருக்கு வாய்ப்பு என்கிற அளவில் நடந்த ஒன்றை அதிசயம் என்று சொல்லவும் முடியாது. லீக் செய்த தவறு வேறு: அணியை வைத்திருந்த காலத்தில் குலுக்கலின் நடத்தையை வெளியாரிடம் ஒப்படைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், ஜூன் மாதம் வானொலியில் ஜிம் ரோம் இதைப் பற்றி நேரடியாகக் கேட்டபோது, மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டீர்களா என்ற பழைய பொறிக்கேள்வியை ஸ்டெர்ன் பதிலுக்கு வீசினார். கேள்வியே நியாயமற்றது என்று காட்டத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் கேட்டவர்கள் மனத்தில் தங்கியது எரிச்சல்தான். சந்தேகத்துக்கு ஆணையரின் கோபம் பதிலாகாது.

கிளீவ்லண்ட் கேவலியர்ஸின் கதை எண்கள் பற்றியது. லெப்ரான் ஜேம்ஸ் 2010-இல் விட்டுப் போன பிறகு, அந்த அணிக்கு 2011, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதலிடம் விழுந்தது. வாய்ப்புகள் முறையே 2.8, 15.6, 1.7 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 13,500-இல் ஒன்று வரும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் 2011-இல் வென்ற 2.8 சதவீதம் கிளிப்பர்ஸிடமிருந்து பெற்ற உரிமைக்கானது மட்டுமே. கேவலியர்ஸின் சொந்த இடத்துக்குத் தனியாக 19.9 சதவீதம் இருந்தது. எது வந்திருந்தாலும் முதலிடம் அவர்களுக்குத்தான். இரண்டையும் கூட்டிப் பெருக்கினால் ஏறத்தாழ 1,660-இல் ஒன்று. இது குறிப்பிட்ட ஓர் அணி, குறிப்பிட்ட மூன்று ஆண்டுகளில் வெல்வதற்கான வாய்ப்பு. முப்பது அணிகளில் ஏதோ ஒன்று, ஏதோ மூன்று ஆண்டுகளில் இப்படி வெல்லும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு பெரிது. 13,500 மெல்ல மெல்ல மனித அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

அரிய வெற்றிகள் எண்ணிக்கையில் மிகுதியா என்பதையும் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 2 சதவீதமோ அதற்குக் குறைவோ வாய்ப்புள்ள அணிகளை மொத்தமாகச் சேர்த்தால், அவற்றில் ஒன்று முதலிடம் பெறும் வாய்ப்பு ஓர் ஆண்டுக்கு 5 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 1994 முதல் 2025 வரை 32 குலுக்கல்கள். சராசரியாக ஒன்று அல்லது இரண்டு முறை இது நடந்திருக்க வேண்டும். நடந்தது மூன்று முறை: 2008-இல் 1.7 சதவீதத்தில் டெரிக் ரோஸைப் பெற்ற சிகாகோ, 2014-இல் கிளீவ்லண்ட், 2025-இல் டாலஸ். மூன்றோ அதற்கு மேலோ நடப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பழைய முறையின் நான்கு ஆண்டுகளையும் சேர்த்து 1993 ஆர்லாண்டோவையும் எண்ணினால், நிகழ்தகவு ஒன்பது சதவீதத்துக்குச் சற்றுக் கீழே போகிறது. எங்கே தொடங்கி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு சற்று நெளிகிறது. எப்படி எண்ணினாலும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண் இதில் இல்லை.

டாலஸ்

2025 முடிவைத் திட்டமிட்டது என்று சொல்பவர்கள், பிப்ரவரி தொடக்கத்திலேயே பேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் பேரம் நிறைவேற என்னென்ன நடக்க வேண்டியிருந்தது என்று பார்ப்போம். டோன்சிச்சுக்கு மாற்றாக வந்த ஆந்தனி டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமடைய வேண்டும். மார்ச் 3 அன்று கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிய வேண்டும். இவை இரண்டும் நடந்த பிறகும் அணி 39 வெற்றியோடு, பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்காக மோதும் பிளே-இன் சுற்றுக்கு வந்தது; சாக்ரமெண்டோவை வென்றது; ஏப்ரல் 18 அன்று மெம்பிஸிடம் தோற்றது. அந்த ஓர் ஆட்டத்தில் வென்றிருந்தால் டாலஸ் பிளே-ஆஃபுக்குள் போயிருக்கும், குலுக்கலில் அதன் பெயரே இருந்திருக்காது. குலுக்கலை வளைக்க முடிந்தவர்கள் முழங்கால்களையும் மெம்பிஸ் ஆட்டத்தையும் வளைத்திருக்க வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணம் விதியிலேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2019-இல் லீக் வாய்ப்புகளைத் தட்டையாக்கியது. கடைசி அணிக்கு இருந்த 25 சதவீதம் 14 ஆகக் குறைந்தது. கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே அளவு. இப்போது நான்கு இடங்கள் குலுக்கலில் எடுக்கப்படுவதால், மிக மோசமான அணிக்கு ஐந்தாமிடம் விழும் வாய்ப்பே மற்ற எதையும்விடப் பெரிது: 47.9 சதவீதம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் அப்படியே ஐந்தாமிடத்துக்குப் போனது. 2025-இல் 17 வெற்றி மட்டும் எடுத்த யூட்டா ஜாஸும் போனது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கடைசி அணிக்கு முதலிடம் வரவில்லை. பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் இந்த விதியின்கீழ் அது நடக்கும் வாய்ப்பு 35 சதவீதம். எதிர்பாராத முடிவுகளைப் பெருக்குவதற்காகவே செய்த திருத்தம் எதிர்பாராத முடிவுகளைத் தருகிறது, ரசிகர்களுக்கு அவை சதிபோல் தெரிகின்றன. இந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று லீக் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருக்கலாம்.

உண்மையான மோசடி எப்படி இருக்கும்

பந்துக் குலுக்கலில் மோசடியே நடந்ததில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1980 ஏப்ரல் 24 அன்று பென்சில்வேனியா மாநில லாட்டரியில், 4, 6 ஆகிய எண்கள் தவிர மற்றப் பந்துகளுக்குள் ஊசியால் வெள்ளைப் பெயிண்ட் ஏற்றி, அவை கனத்து மேலே எழாமல் செய்தார்கள். 666 என்ற எண் விழுந்தது. தொலைக்காட்சி அறிவிப்பாளர் நிக் பெர்ரியே சூத்திரதாரி. அது வெளிப்பட்ட விதம் கவனிக்கத் தக்கது. பந்துகளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான்கும் ஆறும் மட்டும் கொண்ட எட்டுச் சேர்க்கைகளில் வழக்கத்துக்கு மீறிப் பந்தயம் குவிந்திருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. லாபம் எடுக்கப் போன கை மாட்டிக்கொண்டது.

என்பிஏவுக்குள்ளேயே ஒரு மோசடி நடந்திருக்கிறது. நடுவர் டிம் டொனாகி, தான் நடுவராக இருந்த ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டியது எஃப்பிஐ விசாரணையில் வெளிவந்து, 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 15 மாதச் சிறை. இங்கும் பணம் போன தடம் இருந்தது, உடந்தையானவர்கள் வாய் திறந்தார்கள். லீக்கின் எல்லாமே நேர்மையானது என்ற வாதம் அந்த ஆண்டோடு முடிந்துபோயிற்று. ரசிகர்கள் குலுக்கலைச் சந்தேகிக்கும்போது டொனாகியின் பெயரும் கூடவே வருவது இயல்பு.

குலுக்கலில் இதுவரை அப்படி ஒரு தடமும் கிடைக்கவில்லை. தோற்கும் பதின்மூன்று அணிகளின் ஆட்களும் அறையிலேயே இருக்கிறார்கள். முதலிடம் கைநழுவினால் பதவியை இழக்கக்கூடிய மேலாளர்கள் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட நாற்பது ஆண்டுகளில் வேலையை விட்ட பிறகாவது வாய் திறக்கவில்லை. இந்த வாதத்துக்கு ஒரு வரம்பு உண்டு: உரிமையாளர்கள் போட்டியாளர்கள் மட்டுமல்லர், ஒளிபரப்பு வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் பங்காளிகளும்கூட. பங்காளிகள் சில விஷயங்களை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஆனால் பங்காளிகள் காலம் முழுவதும் சண்டை போடாமல் ரகசியம் காத்த கதையை நான் கேட்டதில்லை.

2019 மே 14 அன்று சிகாகோ மேடையில் நிக்ஸின் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தவர் பேட்ரிக் யூயிங். அந்த ஆண்டு நிக்ஸ் 17 வெற்றியோடு லீக்கிலேயே கடைசி. எல்லாரும் எதிர்பார்த்த சயான் வில்லியம்சன், யூயிங்குக்குப் பிறகு நியூயார்க்கில் இறங்கப்போகும் முதல் பெரும் பெயர் என்று நகரமே பேசிக்கொண்டிருந்தது. உறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூன்றாவது உறையில் நிக்ஸின் சின்னம் வெளிவந்தது. ஆறு சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த நியூ ஆர்லியன்ஸுக்கு முதலிடம் போனது. தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி ஆந்தனி டேவிஸ் ஜனவரியில் கேட்டிருந்தது அதே நியூ ஆர்லியன்ஸிடம்தான். நட்சத்திரத்தை இழக்கப்போகும் ஊருக்கு லீக் ஈடு செய்துவிட்டது என்று அன்றிரவே பேசத் தொடங்கினார்கள்.